துப்பாக்கி எண்ணும் புல்லட் எண்ணும்

ராயல் என்ஃபீல்டின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி இருக்கும். கூடவே, துப்பாக்கியைப் போலச் செய்த வண்டி என்ற பெருமையும். அந்தப் பெருமைக்கு ஆதாரம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துவந்த நிறுவனத்துக்கு, 1890களில் என்ஃபீல்டு நகரத்து அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து துப்பாக்கி உதிரிபாகங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. அந்த உறவிலிருந்தே நிறுவனத்துக்குப் பெயரும் வந்தது.

அதே என்ஃபீல்டின் பெயரைத் தாங்கியதுதான் நம் ஊர்க் காவலர்கள் வெகுகாலம் தோளில் சுமந்த 303 துப்பாக்கி. அதன் உடலிலும் போல்ட்டிலும் ஒரே எண் அடித்திருக்கும். போல்ட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்திப் பார்த்துச் சரிசெய்தார்கள். ஒன்றின் போல்ட்டை எடுத்து இன்னொன்றில் மாட்டினால், தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடிப்போகலாம். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து, சுடுபவரின் முகத்தருகே வெப்ப வாயு சீறக்கூடும். அந்த ஆபத்தைத் தடுக்க ஒரு ஃபிட்டர் அடுத்த ஃபிட்டருக்கு விட்டுச்சென்ற குறிப்புதான் அந்த எண். ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியில் சின்னச்சின்னப் பாகங்களில்கூட எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும்.

பிறகு அதே எண் அரசாங்கத்தின் கைக்கும் போனது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதன் 8ஆம் பிரிவில், துப்பாக்கியின் எண்ணை அழிப்பதையும் திருத்துவதையும் தடைசெய்கிறது. ஆகவே, வாங்கிய கைத்துப்பாக்கியில் பாகத்துக்குப் பாகம் எண் மாறியிருந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சுடுவதற்குப் பாதுகாப்பானதா? வந்த வழி நேர்மையானதா? போர்க்காலங்களில் பழுதுபார்க்கும் கூடங்கள் பல துப்பாக்கிகளைக் கழற்றி, கிடைத்த பாகங்களை வைத்து மறுபடி பூட்டியதுண்டு. எண் பொருந்தவில்லை என்பதாலேயே திருட்டு என்று முடிவுகட்ட முடியாது.

வடசென்னையில் இந்தக் கதை இரு சக்கரத்தில் தொடர்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரிகள், பக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர்கள், நடுவே என்ஃபீல்டின் புல்லட் மோட்டார் சைக்கிள் என அந்தக் கடலோரம் மோட்டார் தொழிலின் வீதியானது. முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1956 முடிவில் 163 வண்டிகள் தயாராகியிருந்தன. 1962 முதல் எல்லாப் பாகமும் இங்கேயே. 1970இல் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலையோ ஓயவில்லை. 1977இல் அங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியானது.

பல பத்தாண்டுகளாகப் பழைய புல்லட்டின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. ஒரு வருடத்து என்ஜினை இன்னொரு வருடத்துச் சேசிஸில் ஏற்றிவிட முடியும். சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளை நம்பி அப்படி எத்தனையோ வண்டிகள் உயிர் பிழைத்தன. 303இல் ஒன்றின் போல்ட் இன்னொன்றுக்குச் சரியாகச் சேராமல் போகலாம் என்பதால் எண் தேவைப்பட்டது. புல்லட்டில் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது என்பதால் எண் தேவைப்படுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தனித்தனியாகப் பதிவாவதும், சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதும் இதற்காகத்தான்.

ரெட்டிச் ஆலையின் பழைய பதிவேடுகளை பிரிட்டனின் ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கம் காத்துவருகிறது. எந்த என்ஜின் எந்தச் சேசிஸோடு ஆலையை விட்டுப் போனது என்று அதில் பார்க்கலாம். திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் நம்பர் பஞ்ச் வைத்து அடித்த எண்களுக்கும் அதே மரியாதை சேர வேண்டும். என்ஜின் மாறியிருந்தால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம், அப்போது வண்டியின் வரலாறு அறுபடாமல் நீளும். எண் இருந்த இடத்தில் அரம் ஓடிய தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியை வாங்கக்கூடாது.