நோயுறாத குழந்தைகள் தந்த மருந்து

லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்புகளிலிருந்து தெற்கே போனால் கிதுவாய் நகர், அதைத் தாண்டினால் ரிங் ரோடு. ரிங் ரோட்டைக் கடந்ததும் அரவிந்தோ மார்க்கின் ஒரு பக்கம் சஃப்தர்ஜங் மருத்துவமனை, மறுபக்கம் எய்ம்ஸ். இந்தப் பகுதித் தமிழர்களுக்கு எய்ம்ஸ் என்றால் ஊரிலிருந்து வரும் உறவினருக்குச் சீட்டு எடுக்க விடியற்காலையில் வரிசையில் நிற்கும் இடம். 1956-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த அந்த நிறுவனம் ஆராய்ச்சிக் கூடமும்தான் என்பது வரிசையில் நிற்பவருக்கு நினைவில் வராது. உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒரு தடுப்பு மருந்தின் மூல வைரஸ் அங்கே பிறந்த குழந்தைகளின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த மருந்தை முழுமையாக்கியதில் வேலூருக்கும் பெரும் பங்கு உண்டு. டில்லித் தமிழர் மலர் ஒன்றில் எழுத இதைவிடப் பொருத்தமான அறிவியல் செய்தி எனக்குத் தெரியவில்லை.

அந்த வைரஸின் பெயர் ரோட்டா. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது சக்கரம் போன்ற துகள்களைக் கண்டார்கள். உலகெங்கும் குழந்தைகளைக் கொன்றுவந்த கடும் பேதிக்குப் பெருங்காரணம் அதுவே என்பது பிறகு தெளிவாயிற்று. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் உயிர் காக்கும் என்பதை 1971-இல் பங்களாதேஷ் போர் அகதிகள் தங்கியிருந்த பொங்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் நிரூபித்திருந்தார். ஆனால் ரோட்டா தாக்கிய குழந்தை வாந்தியும் எடுக்கும். கொடுத்த கரைசல் வயிற்றில் நிற்காது. சுத்தமான தண்ணீர் மட்டும் இதைத் தடுத்துவிடாது என்பதும் உண்மை. குழாயில் நேரடியாக நீர் பிடித்துக் குடிக்கும் பணக்கார நாடுகளிலும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் அது தொற்றியது. வேறுபாடு என்னவென்றால், அங்கே குழந்தைகள் பிழைத்தார்கள். இங்கே, தடுப்பு மருந்து வருவதற்கு முன் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 78,500 பேர் ரோட்டாவால் இறந்தார்கள், 8,72,000 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்த மதிப்பீட்டைத் தயாரித்தவர்களில் வேலூர் ஆய்வாளர்களும் டில்லி ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

இனி எய்ம்ஸ் பிரசவப் பிரிவுக்கு வருவோம். 1980களின் நடுவில் அங்கே பிறந்த சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் தென்பட்டது. குழந்தைகள் மருத்துவர் மகாராஜ் கிஷன் பான் அதைக் கவனித்தார். அவருக்கு வியப்பளித்தது வைரஸ் அல்ல. அது உடலில் இருந்தும் அந்தச் சிசுக்களுக்குப் பேதி இல்லை, வாந்தி இல்லை. மருத்துவமனையில் எல்லோருடைய கண்ணும் நோயாளியின் மேல்தான் இருக்கும். நன்றாக இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது வழக்கம். பானும் அவருடைய குழுவினரும் மறக்கவில்லை. அந்தக் குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பின்தொடர்ந்தார்கள். பிறந்தவுடன் இந்த வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் ரோட்டா பேதி குறைவாகவே வந்தது. இயற்கையே தடுப்பூசி போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த வைரஸ் வகைக்கு வைத்த எண் 116 ஈ.

இந்த வைரஸ் ஏன் சாதுவாக இருந்தது? அதன் மரபணுக்களை ஆராய்ந்தபோது, மனித ரோட்டா வைரஸுக்குள் மாட்டு ரோட்டா வைரஸின் மரபணு ஒன்று குடியேறியிருந்தது தெரிந்தது. ரோட்டாவின் மரபுப் பொருள் பதினொரு தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகள் இடம் மாறிக் கலந்துகொள்ளும். மாடும் மனிதரும் நெருங்கி வாழும் நாட்டில் அப்படியொரு கலப்பு நிகழ்ந்து, அதன் விளைவு ஒரு பிரசவ அறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகங்கள் இப்படிப்பட்ட கலப்பு வைரஸைத் தடுப்பு மருந்துக்காகச் செயற்கையாக உருவாக்க முயன்றுகொண்டிருந்த காலம் அது.

அதிலிருந்து மருந்துக்குப் போன பாதை நீண்டது. 1987-இல் கையெழுத்தான இந்திய அமெரிக்கத் தடுப்பு மருந்துத் திட்டத்தின் கீழ் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் கிளாஸ் போன்றவர்கள் கை கோத்தார்கள். ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனம் உற்பத்திப் பொறுப்பை ஏற்றது. அதை நிறுவியவர் கிருஷ்ணா எல்லா, திருத்தணிப் பக்கத்தில் பிறந்தவர். இடையில் அமெரிக்காவில் ஒரு பின்னடைவு நேர்ந்தது. 1998-இல் அங்கே அனுமதி பெற்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) ஏற்படுத்துவது தெரிந்து, அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு ரோட்டா மருந்துகள் தங்கள் பாதுகாப்பை மேலும் கடுமையாக நிறுவ வேண்டும் என்றாயிற்று. அந்தக் கட்டுப்பாடு சரியானதே.

வேலூரின் கதையை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய நெருக்கமான குடியிருப்புகள். பீடி சுற்றும் குடும்பங்கள் மிகுந்த பகுதி. அங்கே பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் பின்தொடர்ந்தார்கள். 373 பேரை மூன்று வயது நிறையும் வரை விடாமல் பின்தொடர முடிந்தது. களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கு வருவார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுப்பார்கள். மூன்று ஆண்டுகள் இதையே செய்வது எத்தகைய உழைப்பு என்பதை ஆய்வுக் கட்டுரையின் அட்டவணைகள் சொல்வதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் தாய், வாசலில் வந்து நிற்கும் களப்பணியாளரிடம் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் கைம்மாறாகக் கிடைப்பது பிள்ளையைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல். அந்தத் தாய்மார்கள் இல்லாமல் அந்த அறிவு இல்லை.

அவர்கள் தந்த தகவல் உலகப் பாடத்தைத் திருத்தியது. 1996-இல் மெக்சிகோவில் செய்த இதே போன்ற ஆய்வு, இருமுறை இயற்கையாகத் தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடுமையான ரோட்டா பேதி வருவதே இல்லை என்று காட்டியிருந்தது. வேலூரில் அப்படி இல்லை. மூன்று முறை தொற்றிய பிறகும் கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதமே. ஆறு மாதம் நிறைவதற்குள் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைரஸ் ஒருமுறையாவது தொட்டிருந்தது. மெக்சிகோவின் கணக்கை வைத்து இந்தியக் குழந்தைக்கு மருந்து கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு நுட்பம். வேலூர் மருத்துவமனையின் பிரசவப் பிரிவிலும் சிசுக்களிடம் ஒரு ரோட்டா வகை இருந்தது. அதிலும் மாட்டு வைரஸின் சாயல் உண்டு. டில்லி வகைக்கு உறவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வேலூர் வகை தொற்றிய சிசுக்களுக்குப் பிற்காலத்தில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. பெங்களூருவில் சிசுக்களிடம் கண்டெடுத்த மற்றொரு வகையையும் தடுப்பு மருந்தாக்கிப் பார்த்தார்கள். முதற்கட்டச் சோதனையிலேயே 116 ஈ-யிடம் அது தோற்றது. பிரசவ அறையில் நோய் தராமல் இருப்பது மட்டும் தகுதியாகிவிடாது. 116 ஈ டில்லியில் கிடைத்ததும், அது கிடைத்த இடத்தில் அதைப் பின்தொடர ஆள் இருந்ததும் நம் பேறு.

மூன்றாம் கட்டச் சோதனை டில்லி, புனே அருகே உள்ள வடு, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத சொட்டு. 2013 மே 14 அன்று முடிவை அறிவித்தார்கள்: வாழ்வின் முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதியை இம்மருந்து 56 சதவீதம் தடுத்தது. ஒரு தவணை ஒரு டாலர் என்ற விலையில் தருவதாக நிறுவனம் உறுதியளித்திருந்தது. 2015 மார்ச்சில் ரோட்டாவாக் என்ற பெயரில் மருந்து வெளியானது. 2016-இல் ஆந்திரம், அரியானா, இமாசலம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2017-இல் தமிழ்நாட்டில் ரோட்டா தடுப்பு மருந்து தொடங்கிற்று. 2019-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2018 ஜனவரியில் ரோட்டாவாக்குக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் கிடைத்தது. பிறந்த ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வாயில் விடும் சில சொட்டுகள். நம் லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியின் தொடக்க வகுப்புகளுக்கு இப்போது வந்து சேரும் பிள்ளைகள், டில்லியில் ரோட்டா சொட்டு எல்லோருக்கும் இலவசமான பிறகு பிறந்தவர்கள்.

ஐம்பத்தாறு என்ற எண்ணைக் கேட்டதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியின் பலனோடு ஒப்பிட்டு இதைக் குறைவு என்றார்கள். எனக்கு அந்த ஒப்பீடு நியாயமாகப் படவில்லை. ஒரு நோய் லட்சக்கணக்கான பிள்ளைகளை மருத்துவமனைக்கு இழுத்து வரும் நாட்டில், அந்த வரிசையைப் பாதியாக்கும் மருந்து எத்தனை பெரியது! ஐரோப்பாவில் 90 சதவீதத்துக்கு மேல் காத்த பன்னாட்டு மருந்துகளும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சோதித்தபோது இதே பாதி அளவுக்கு இறங்கின. குறை மருந்தில் மட்டும் இல்லை.

அப்படியானால் எங்கே? இதுதான் இன்று இத்துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி. தாயிடமிருந்து சிசுவுக்கு வரும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சொட்டு மருந்தின் உயிருள்ள வைரஸை முளையிலேயே அழித்துவிடலாம். பலமுறை தொற்றுக்கு ஆளாகி வீங்கிய குடல் சரியாகப் பதில் தராமல் போகலாம். அதே நாளில் கொடுக்கும் போலியோ சொட்டு இடையிடலாம். தாய்ப்பால் தடுக்கிறதோ என்று ஐயுற்று, மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பால் கொடுக்காமல் வைத்துப் பார்க்கும் ஆய்வும் டில்லியிலேயே நடந்தது. எந்த வேறுபாடும் இல்லை. தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். சிறிய முடிவுதான். ஆனால் எத்தனை தாய்மார்களை வீண் அச்சத்திலிருந்து அது காப்பாற்றியது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

பாதுகாப்பு பற்றிய வாதமும் எழுந்தது. மூன்று இடங்களின் குடல் செருகல் தரவையும் தனித்தனியே வெளியிட வேண்டும், முக்கியமாக வேலூரின் தரவை, என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. கேட்டவர்களை அறிவியலின் எதிரிகளாகப் பார்த்தவர்கள் அன்று இருந்தார்கள். பிள்ளைகளை ஆய்வுக்குக் கொடுத்த சமூகத்துக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதே என் கருத்து. அதற்கு நிறைவான பதில் பிற்பாடு தரவாகவே வந்தது. திட்டத்தில் மருந்து சேர்ந்த பின் 27 மருத்துவமனைகளில் குடல் செருகலுடன் வந்த குழந்தைகளை ஆராய்ந்த ஆய்வு, மருந்துக்கும் அதற்கும் தொடர்பு காணவில்லை என்று 2020-இல் வெளியானது. சோதனையில் சில ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்து முடிவு செய்ய முடியாததை, கண்காணிப்பு செய்து முடித்தது.

2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இந்த வரிசையில் கடைசி. என் மதிப்பில் மிகப் பெரியது. ஒன்பது மாநிலங்களில் 31 மருத்துவமனைகள். சோதனைக் குழந்தைகள் அல்ல. அரசு சுகாதார நிலையத்தில், அங்கன்வாடியில், கிராம சுகாதார செவிலியர் கையால் மருந்து குடித்த சாதாரணக் குழந்தைகள். கடும் ரோட்டா நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 54 சதவீதம். பேதியோடு சேர்ந்த குழந்தைகளில் ரோட்டா தொற்றியவர்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியிருந்தது. வெயிலும் மின்வெட்டும் தொலைவும் கடந்து போன மருந்து, கட்டுப்பாடான சோதனையில் காட்டிய அதே பலனைக் காட்டுவது அரிது. குளிர்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும் அந்த எண்ணில் பங்குண்டு.

மகாராஜ் கிஷன் பான் 2020 ஜனவரி 26 அன்று மறைந்தார். எய்ம்ஸ் வார்டிலிருந்து போய் 2004 முதல் 2012 வரை மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்தார். ககன்தீப் காங் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவர் அந்த இடம் பெற்றது அதுவே முதல்முறை. இவர்களுடைய பெயர்கள் நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் அந்தப் பொறுமை வேலூரில் வேறு துறைகளுக்கும் பரவியிருக்கிறது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோய் கடுமையாக இருந்த ஐந்து பேருக்கு, அவர்களுடைய இரத்தத் தண்டுச் செல்களில் பழுதான மரபணுவின் சரியான வடிவத்தைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணித்த காலத்தில் ஐவரில் எவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தாக வேண்டும். பின்தொடர அங்கே பழகியிருக்கிறார்கள்.

ரோட்டாவுக்குத் திரும்பினால், மீதிப் பாதியை எப்படிக் காப்பது என்பதில் இரண்டு வழிகளை முயன்றார்கள். வாய்வழிக்குப் பதில் ஊசியாகப் போடும் புரத மருந்து ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளில் பெரிய அளவில் சோதித்தபோது அது வாய்வழி மருந்தை மிஞ்சவில்லை, 2022-இல் நிறுத்தினார்கள். மற்றது, ஆறு வாரம் காத்திராமல் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே முதல் சொட்டு. மெல்போர்னில் நோயுறாத சிசுக்களிடம் கண்டெடுத்த ஒரு வகையை இந்தோனேசியாவில் அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள்: முதல் ஆண்டில் கடும் நோயை 94 சதவீதமும், ஒன்றரை வயது வரை 75 சதவீதமும் அது தடுத்தது. இந்தியச் சிசுக்களின் குடலில் அந்த எண் நிற்குமா என்பதை இந்தியாவில் சோதித்துத்தான் அறிய முடியும். வேலூரும் டில்லியும் அதற்கு வேண்டிய வீட்டு வாசல்களையும் ஆட்களையும் முன்பே அறிந்த இடங்கள்.