திரூர் நெல் தந்த காவற் புரதம்

சம்பாப் பருவத்தில் காற்றும் மழையும் ஓய்ந்தபின் வயலுக்குச் சென்றால், சில இடங்களில் நெல்லின் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, வைக்கோல்போலக் காய்ந்திருப்பதைக் காணலாம். இதுவே பாக்டீரியா இலைக்கருகல் நோய். ஜப்பானில் 1884-இலேயே இது அறியப்பட்டிருந்தது. நம் நாட்டில், 1963-இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் பெருஞ்சேதம் விளைவித்தது.

நெல் இலையின் ஓரத்தில் நீர் கசியும் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகவும் காயங்களின் வழியாகவும் நுழையும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா, நீர்க்குழாய்களில் பெருகுகின்றது. பயிருக்கு இரத்தமும் இல்லை, வெள்ளையணுக்களும் இல்லை. பின் அது எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கின்றது?

விடையின் ஒரு பகுதி தமிழ்நாட்டு நெல்லிலேயே இருந்தது. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பத்தில், ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரகங்களைக் கலந்து டி.கே.எம். 6 உருவாக்கப்பட்டது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் இதனைப் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பெற்றோர்களுள் ஒன்றாகக் கொண்டு, 1969-இல் ஐ.ஆர். 20 இரகத்தை வெளியிட்டது. தமிழக உழவர்கள் அதை விரும்பிப் பயிரிட்டனர். இலைக்கருகலையும் அது எதிர்த்து நின்றது. அதற்குக் காரணமான ஜீன் டி.கே.எம். 6-இலிருந்து வந்ததே என்று 1977-இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது. அதற்கு எக்ஸ்ஏ-4 என்று பெயர்.

அது செய்யும் வேலை என்ன? சைக்கிள் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுத்தத்துடன் டியூப், வெளியே அதைத் தாங்கும் டயர். செல்லுறையும் அதைச் சூழ்ந்த செல்சுவரும் அத்தகையவையே. சுவரின் வலிமைக்கு அடிப்படை செல்லுலோஸ் நார். பாக்டீரியாவோ அதனை அரிக்கும் என்சைம்களைச் சுரக்கின்றது. எக்ஸ்ஏ-4 ஜீன் தரும் புரதம் சுவரை ஒட்டி அமைந்து, செல்லுலோஸ் உற்பத்தியைத் தூண்டிச் சுவரை உறுதியாக்குகின்றது. சீனாவின் ஊகான் நகர ஆய்வாளர்கள் 2017-இல் இதை விளக்கினர். உழவர் பயன் கண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே காரணம் புரிந்தது!

ஆனால் ஒரே அரணை நம்பியிருப்பது ஆபத்து. 1970-களிலேயே பிலிப்பைன்ஸில் எக்ஸ்ஏ-4 ஜீனை மீறும் பாக்டீரியா வகை பரவிவிட்டது. ஆகவே விஞ்ஞானிகள் பல ஜீன்களை ஒருங்கே சேர்க்கத் தொடங்கினர். 2008-இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் மூன்று எதிர்ப்பு ஜீன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. மூன்றையும் ஒருசேர மீறுவது பாக்டீரியாவுக்கு எளிதன்று.

விளைச்சல் குறைவென்று நாம் கைவிடும் பழைய நெல்லில் இன்னும் எத்தனை காவற் புரதங்கள் உள்ளனவோ! அந்த விதை அழிந்தால் அவையும் அழியும். பழைய விதைகளைப் பேணுவது, நாளைய சோற்றைக் காப்பதாகும்.