உலைக்களமும் மின்வில்லும்: யாழ்ப்பாணத்து ஒட்டுத்தொழில் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கியத்திற் கொல்லனுக்கு இடமில்லை என எவரும் கூறார். பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல், தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளோடு கொல்லனின் கடமையையும் எண்ணுகின்றது. ஆயினும் அங்குப் பேசப்படுவது அவனது கடமையேயன்றி அவனது அறிவன்று. உழைப்போனின் அறிவில் எப்பகுதி அறிவாகக் கணிக்கப்படும் என்பதை அவ்வுழைப்பை வாங்குவோனே தீர்மானிக்கின்றான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒட்டுத்தொழில் இதற்குத் தக்க சான்றாகும்.

இரும்போடு இரும்பை ஒட்டும் கலை மின்சாரத்தோடு வந்ததன்று. ஊர்க் கொல்லன் இரு துண்டுகளையும் வெண்சூடேறும்வரை உலையிற் காய்ச்சி, மேற்படியும் கசடு உருகி நீங்க மணல் தூவி, சூடு தணியுமுன் சம்மட்டியால் அறைந்து ஒன்றாக்கினான். வண்டிற் சில்லின் இரும்பு வளையம் இவ்வாறே மூட்டப்பட்டது. வெப்பத்தை அளக்கக் கருவியில்லை. இரும்பின் நிறமே அளவை. ஆனால் இவ்வறிவு சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது; தந்தையிடம் மகன் கற்றான். சாதியமைப்பு தொழிலறிவைப் பேணியது எனப் போற்றுவோர், அதனைச் சிறையிட்டதும் அதுவே என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

ருசியரான பெனார்தோஸ் 1881இல் கரிக்கோலின் மின்வில்லால் உலோகத்தை ஒட்டிக் காட்டினார். 1903 அளவில் பிரான்சில் ஒட்சிசன்-அசற்றலீன் சுடர் பயன்பாட்டுக்கு வந்தது. குடாநாட்டில் இத்தகைய முறைகளுக்குப் பெருந்தொழிற்களமாக அமைந்தது 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை. சுழலும் சூளையும் அரைக்கும் பொறிகளும் ஓயாது தேய்வன. தேய்ந்ததை மீண்டும் உலோகமிட்டு நிரப்புதல் ஆலையின் அன்றாடத் தேவை. இங்கு ஒட்டுநன் குலத்தொழிலாளியல்லன், கூலித் தொழிலாளி. சாதி ஒழிந்ததென்பதன்று, சுடரைப் பிடிக்கும் உரிமை பிறப்பால் வருவதென்ற நிலை தளர்ந்தது.

ஆலைக்கு வெளியே இத்தொழிலை வளர்த்தது கிணறு. ஆறில்லாத மண்ணில் வெங்காயமும் புகையிலையும் கிணற்றுநீரால் விளைவன. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பற்றியபின், அதன் உடைந்த வார்ப்பிரும்பை ஒட்டுதல் தோட்டக்காரனின் வாழ்வோடு தொடர்புற்றது. வார்ப்பிரும்பு எளிதிற் படியும் உலோகமன்று. கரிச்சத்து மிகுந்தமையால், ஒட்டிய கையோடு ஆறவிட்டால் பக்கத்திலேயே வெடிக்கும். எனவே முன்கூட்டிச் சூடேற்றி, பெரும்பாலும் பித்தளையிட்டு ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடவேண்டும். எவ்வளவு நேரம் புதைப்பது என்பது பொருளின் தடிப்பைக் கண்ணால் மதித்தறிவது. உலைக்களத்தின் பழைய நிறஅளவை இங்குப் புதிய தொழிலுள் தொடர்வதைக் காண்கின்றோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலு அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் அரிதாயிற்று. சீமெந்து ஆலை மூடப்பட்டது. புதிய உதிரிப்பாகம் பெறல் அரிதான சூழலிற் பழையதைச் செப்பனிடும் கைத்திறன் விவசாயத்தின் நிபந்தனையாயிற்று. அவலத்தைச் சாதனையாகக் கொண்டாடும் எழுத்துகள் நம்மிடையே உண்டு. அவ்வழி நாம் செல்லவில்லை. தடை அறிவை உண்டாக்கவில்லை. உள்ள அறிவை வேறு துணையின்றி நிற்கவைத்தது.

2013இல் தேசிய மின்தொடர் சுன்னாகத்தை மீண்டும் எட்டியது. இன்றைய இளம் ஒட்டுநர் கற்க விரும்புவது ஆர்கன் வாயு காக்கத் தங்குதன் முனையால் ஒட்டும் முறையை. துருப்பிடியா உருக்கிற் படலையும் கைபிடியும் செய்ய அது வேண்டும். அதற்கும் மேலாக, சாய்வாகப் பொருத்திய குழாயைச் சுழற்றாது சுற்றிவர ஒட்டும் 6ஜி சோதனை அவர்களை ஈர்க்கின்றது. ஏனெனில் எண்ணெய்க் குழாய்களும் கப்பல் தளங்களும் வளைகுடாவிலும் கொரியாவிலும் உள்ளன. இவ்விருப்பத்தைப் பேராசை எனப் பழித்தல் தகாது. கூலி எங்குள்ளதோ அங்கே கல்வி செல்லும்.

எனினும் கவனிக்கவேண்டியது ஒன்று. தேசியத் தொழிற்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உண்டு. முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும் உண்டு. பட்டறையில் இருபதாண்டு உழைத்தவர் அவ்வழியே சான்றிதழ் பெறலாம். ஆனால் மதிப்பிடுவோர் கேட்பது மென்னுருக்குத் தகட்டின் மூட்டையே. வெடித்த பம்பியின் உடலை எவரும் மேசையில் வைப்பதில்லை. வார்ப்பிரும்பு அறிந்த முதியவர் தம் மகனையும் ஆர்கன் வகுப்புக்கே அனுப்புகின்றார்.