மலையகத்தின் மனவடுவும் கண் அசைவுச் சிகிச்சையும்

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் அதில் முதலிடம் பெறுவன. 975,000 மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என அவ்வொப்பந்தம் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. தொகைகள் தெளிவானவை. ஆயின், ஹற்றனிலும் நானுஓயாவிலும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவரும், மேடையில் நின்று வழியனுப்பியவரும் மனத்திற் சுமந்தது யாது என்னும் வினாவுக்கு இத்தொகைகளில் விடையில்லை.

பிரிவுத் துயரின்மேல் வன்முறையும் வந்து சேர்ந்தது. 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி சுவீகரிப்பை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவ்வாண்டு ஆகஸ்டில் இனவன்செயல் தோட்டங்களுள்ளும் புகுந்தது. குடும்பங்கள் பல வவுனியாப் பகுதிக்குச் சென்று குடியேறின. 1983 யூலையில் நுவரெலியா நகரம் எரிந்தது. அன்று சிறுவராய் இருந்தோர் இன்று நடுவயதைக் கடந்துள்ளனர்.

இத்தகைய அனுபவம் உள்ளத்தில் விட்டுச்செல்லும் வடுவை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே தன் நோய் வகைப்பாட்டு நூலில் தனியொரு நோயாகச் சேர்த்தது. சாதாரண நினைவு காலப்போக்கில் மங்கும். மனவடுவோ மங்குவதில்லை. மண்ணெண்ணெயின் நாற்றமோ தொலைவிற் கேட்கும் கூச்சலோ போதும், நடந்து முடிந்தது மீண்டும் நடப்பதாகவே உடல் நடுங்கும்.

1987இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரான்சின் ஷபிரோ பூங்காவொன்றில் நடந்துகொண்டிருந்தபோது, தம் கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்த வேளையில் மனத்தை உறுத்திய எண்ணங்கள் வலிமை குன்றியதை உணர்ந்ததாகக் கூறினார். நியூற்றனின் ஆப்பிள் கதையை ஒத்த இவ்வரலாற்றை ஐயத்துடன் நோக்கியோர் பலர், அதில் வியப்பில்லை. ஆயினும் அவர் 22 பேரிடம் இம்முறையைச் சோதித்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். நோயாளி தம் நினைவின் மிகக் கொடிய காட்சியையும், 'என்னாற் காப்பாற்ற முடியவில்லை' என்பது போன்று தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணத்தையும், உடலில் எழும் உணர்வையும் மனத்திலிருத்தியவாறு, சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களாற் பின்தொடர்வார். சிறிது நேரத்தின் பின் நிறுத்தி, மனத்தில் எழுந்ததைச் சுருங்கச் சொல்வார், மீண்டும் தொடர்வார். வேதனையைப் பூச்சியம் முதல் பத்துவரை அவரே மதிப்பிடுவார். அது தணியுமளவும் இச்செயல் தொடரும்.

இது எவ்வாறு பயன் தருகிறது? ஒரே வேளையில் உள்ளம் கையாளக்கூடியது சிறிதளவே. விரலைத் தொடரும் வேலையும் நினைவும் அவ்விடத்துக்குப் போட்டியிட, காட்சியின் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய நிலையிலேயே அது மீண்டும் பதிவாகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கண்ணசைவினால் மேலதிகப் பயனில்லை என 2001இல் ஓர் ஆய்வுத் தொகுப்பும், பயனுண்டு என 2013இல் மற்றொன்றும் கூறின. அந்த 2013ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் மனவடுவுக்குரிய சிகிச்சைகளுள் ஒன்றாக இதனைப் பரிந்துரைத்தது.

நடந்ததை நோயாளி விரிவாக எடுத்துரைக்க வேண்டியதில்லை என்பது மலையகத்தை நோக்குமிடத்து முக்கியமானது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலையும் காயத்தையும் காட்டலாம். உள்ளத்து நோவைக் காட்ட வழியில்லை. உற்றார் முன்னிலையில் மானபங்கப்பட்ட பெண்ணுக்கு அதனைச் சொல்வதே இன்னொரு துன்பம்.

மலையக மக்களிடம் துயராற்றும் வழிகள் இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர்தம் துயரப் பாடல்களையும் காத்துத் தந்தது. மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு முழங்க, எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்புவாள், ஊரே உடனழும். நினைவைச் சுமந்தவாறே செவியும் உடலும் தாளத்தில் ஈடுபடும் இந்நிலை கண்ணசைவு முறையை ஓரளவு ஒத்தது. இரண்டும் ஒன்றெனல் அவசர முடிபாகும். மேலும், ஒப்பாரி சாவுக்கு உரியது. 1983இன் அச்சத்துக்கு அவ்வாறு ஊர் கூடி அழும் சடங்கு எதுவும் வாய்க்கவில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அயல்நாட்டுப் பயிற்றுநர் இலங்கையின் உளவளத்துணையாளருக்கு இம்முறையைக் கற்பித்தனர். அன்றைய அழிவு கரையோரத்தது. அலை வந்து மீண்டது. மலைச்சரிவின் நிலை வேறு. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியோடு மலைகள் மீண்டும் சரிந்தன. கண் அசைவுச் சிகிச்சையின் எட்டுக் கட்டங்களுள், நினைவைத் தொடுவதற்கு முன்னர், நோயாளி இன்று பாதுகாப்பாக உள்ளாரா என அறியும் கட்டமும் அடங்கும். மழையிரவில் சரிவின் கீழுள்ள லயத்தில் உறங்காதிருக்கும் தாயின் அச்சம் பழைய நினைவு மட்டுமன்று. அதில் ஒரு பகுதி சரியான எச்சரிக்கை. அப்பகுதியைத் தணிக்கச் சிகிச்சையாளர் முயலலாகாது. அதற்கு வேண்டியது வேறிடத்தில் ஒரு காணியும் வீடுமாகும்.