நான்கு பக்கத்துக்குள் ஓர் ஆய்வு

ஃபேஸ்புக்கைப் பற்றி இன்று ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. மிகத் தொடக்கத்தில் வந்தவற்றுள் ஒன்று நான்கே பக்கம். 2006 நவம்பரில் கனடாவின் பான்ஃப் நகரில் நடந்த, கணினி துணைநிற்கும் கூட்டுப்பணி பற்றிய சி.எஸ்.சி.டபிள்யூ. மாநாட்டுத் தொகுப்பில் 167-ஆம் பக்கத்தில் தொடங்கி 170-இல் முடிந்துவிடும். கிளிஃப் லேம்ப், நிக்கோல் எலிசன், சார்ல்ஸ் ஸ்டைன்ஃபீல்ட் மூவரும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர்களிடம் கேட்டது ஒன்றுதான். முன்பின் தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க இந்தத் தளத்துக்குப் போகிறீர்களா, வகுப்பிலும் விடுதியிலும் பார்த்துப் பழகியவர்களைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளப் போகிறீர்களா? இரண்டாவதற்குத்தான் என்று பதில் வந்தது. இணையத்தில் முகம் தெரியாதவர்களோடுதான் பழகுவார்கள் என்று பலரும் நினைத்திருந்த நேரம் அது.

நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில் என் வழிகாட்டி கையில் கொடுத்த முதல் கட்டுரை இதுதான். "இதை முதல்ல படிம்மா, பெரிசெல்லாம் அப்புறம்" என்றார். அந்த மாநாட்டின் பழைய தொகுப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் அப்போது தொற்றிக்கொண்டது.

அந்த மாநாடு பிறந்த கதை இது. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐரீன் கிரீஃப், பால் காஷ்மன் இருவரும் ஒரு சிறிய பயிலரங்கு நடத்தினார்கள். பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குக் கணினி எப்படித் துணைநிற்கலாம் என்பதே பேச்சு. இரண்டு ஆண்டு கழித்து, 1986 டிசம்பரில், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் முதல் மாநாடு கூடியது. நிரல் எழுதுபவர்களும் சமூகவியல், மானுடவியல் படித்தவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்ததுதான் இதன் தனிச்சிறப்பு என்பேன். 1988-இல் போர்ட்லண்டில் ஜொனாதன் குருடின் வாசித்த கட்டுரையை இன்றும் வகுப்பில் எடுத்துச் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் பொதுவான மின் நாட்காட்டி ஏன் தோற்கிறது? ஒவ்வொருவரும் தன் நேரத்தைப் பதிந்து வைக்க மெனக்கெட வேண்டும். பலன் கூட்டம் கூட்டும் மேலாளருக்கு. உழைப்பது ஒருவர், பலனடைவது வேறொருவர் என்றால் அந்த மென்பொருளை யார் தொடுவார்கள்?

அந்த நாளில் கட்டுரையை அச்செடுத்துப் பல பிரதிகளாகத் தபாலில் அனுப்புவார்கள். மின்வழிக்கு மாறியபின் அந்தச் செலவும் அலைச்சலும் போயின. மாறாமல் இருந்தது இடைவெளிதான். 1986-இலிருந்து 2010 வரை மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடியது. ஆய்வுப்பொருளோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பான்ஃபில் அந்தக் கட்டுரை வாசிக்கப்படும்போது, அதில் பதிவான 'மாணவர் மட்டும்' உலகம் கலைந்துபோயிருந்தது. பத்துப் பக்கத்துக்குத் தரவு சேரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்தக் கணம் பதிவாகாமலே போயிருக்கும்.

அப்போது முழுக்கட்டுரைக்குப் பத்துப் பக்கம், சிறு கட்டுரைக்கு நான்கு. சிறு கட்டுரையை அங்கே 'நோட்' என்பார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நான்கு பக்கத்தின் நெருக்கடி தெரியும். இரட்டைப் பத்தி அமைப்பு, பத்துப் புள்ளி டைம்ஸ் எழுத்து. முதல் பக்கத்தின் இடது பத்தி அடியில் பதிப்புரிமைக் குறிப்புக்காக ஓர் அங்குலம் காலியாக விடவேண்டியிருந்தது. வரைபடம் போட்டால் அட்டவணைக்கு இடமிருக்காது. ஒரு பாராவின் கடைசிச் சொல் மட்டும் தனி வரியில் தொங்கினால், அந்த ஒரு வரியை மீட்பதற்காகப் பாரா முழுவதையும் திருப்பி எழுதுவோம். இப்படிச் செதுக்கும்போது, எது என் கண்டுபிடிப்பு, எது நான் படித்ததைக் காட்டிக்கொள்வதற்காகச் சேர்த்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஆய்வு எழுத்துக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

2010-இல் அமெரிக்காவின் சவானாவில் கூடிய மாநாட்டில் இன்னொரு நான்கு பக்கம் வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மோர் நாமன், ஜெஃப்ரி போஸ், சி-ஹுய் லாய் எழுதியது. 350 ட்விட்டர் பயனர்களின் பதிவுகளை எடுத்து வகைபிரித்தார்கள். 80 சதவீதம் பேர் பெரும்பாலும் தங்களைப் பற்றியே எழுதினார்கள். 20 சதவீதம் பேர் தகவல் பகிர்ந்தார்கள். சமூக ஊடகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலகாலம் எடுத்துக்காட்டிய முடிவு இது.

பிறகு மாநாடு மாறியது. 2011 முதல் ஆண்டுதோறும் கூடியது. 2012-இல், முதல் சுற்றில் தேறிய கட்டுரையைத் திருத்தி மீண்டும் அனுப்ப அவகாசம் தரும் முறை வந்தது. இது பெரிய நன்மை. நல்ல ஆய்வு ஒரு சிறு குறைக்காகத் தள்ளப்படுவது குறைந்தது. அதையொட்டிப் பக்க வரம்பும், அதோடு நோட் என்ற தனிப் பிரிவும் நீங்கின. சொல்லவந்த விஷயத்துக்கு ஏற்ற நீளம் இருக்கட்டும் என்றார்கள். 2017 முதல் முழுக்கட்டுரைகள் கணினித் துறைச் சங்கமான ஏ.சி.எம்.மின் ஆய்விதழிலேயே வெளியாகின்றன.

கொள்கையளவில் இன்றும் யாரும் நான்கு பக்கம் எழுதலாம். நடப்பு வேறு. உச்சவரம்பு போனதும் கட்டுரைகள் நீண்டன. மதிப்பீட்டாளர்களின் எதிர்பார்ப்பும் கூடவே நீண்டது. சுருக்கமாக அனுப்பினால் 'வேலை இன்னும் முடியவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். சுவரொட்டிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அதற்கு முழுக்கட்டுரைக்கு உள்ள மதிப்பு இல்லை. நோட் என்ற தனிப் பிரிவை விட்டது தவறு என்பதே என் கருத்து. ஊர் ஊராக ஆட்களைச் சந்திக்கவும் ஆண்டுக்கணக்கில் தரவு சேர்க்கவும் வசதியில்லாத மாணவர்களுக்கு அதுதான் வாசலாக இருந்தது.

இங்கே கல்லூரிகளில் ஆய்வு வழிகாட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடியிருப்புச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரம் எப்படிப் பரவுகிறது, சந்தைக் கடைக்காரர் கியூஆர் பலகையை யாரைக் கேட்டு நம்புகிறார் என்று உங்கள் மாணவர் எதையாவது கவனித்திருந்தால், ஆய்வேடு முடியட்டும் என்று நிறுத்திவைக்காதீர்கள். இந்தப் பருவத்திலேயே அதை நான்கு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.