பங்கும் அதன் குத்தகையும்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், குடும்பத் தலைவர் ஓய்வு பெறும் காலத்தில் ஒரு கேள்வி எழுவதை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். கைக்கு வந்த தொகையை நல்லதொரு கம்பெனியின் பங்கில் இட்டு வளரவிடுவதா, மாதந்தோறும் வருவாய் தரும் நிதியில் இட்டு உண்பதா என்பதே அது. அமெரிக்க நாட்டில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் நிதிகள் தோன்றியுள்ளன. டெஸ்லா என்னும் ஒரே கம்பெனியின் பங்கை அடிப்படையாகக் கொண்டு 2022 நவம்பரில் தொடங்கிய நிதி அவற்றுள் ஒன்று.

இதன் இயல்பை அறிய அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளே போதும். மரம் பூத்த நிலையிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடுவோர் உண்டு. பணம் முன்னதாகவே கைக்கு வந்துவிடும். விளைச்சல் பெருகினால் அந்த மிகுதி குத்தகைதாரருக்கு. புயலில் மரமே சாய்ந்தால் நட்டம் மரத்துக்குடையவருக்கு. ஆப்ஷன் வருவாய் நிதியும் ஏறத்தாழ இவ்வாறே செய்கின்றது. குறித்த விலைக்கு மேல் பங்கு ஏறினால் அந்த ஏற்றத்தைப் பெறும் உரிமையைப் பிறருக்கு விற்று, அதற்குக் கிடைக்கும் பிரீமியத்தைப் பங்கிட்டுத் தருகின்றது. ஏற்றத்திற்கு வரம்பு உண்டு. இறக்கத்திற்கு அந்தப் பிரீமியத் தொகையைத் தவிர வேறு தடுப்பு இல்லை.

இவ்வாணிபம் நம் நாட்டுக்குப் புதியதன்று. தேஜி, மந்தி என்னும் பெயர்களில் பம்பாய்ச் சந்தையில் அது நெடுநாள் நடந்தது. சூதாட்டத்தை வளர்க்கிறது என்று கருதி, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. அத்தடை 1995-இல் நீங்கியது.

இடைக்காலத்தில் பெங்களூரில் வேறொரு கதை நடந்தது. 1981-இல் புனாவில் எழுவர் தொடங்கிய இன்ஃபோசிஸ் கம்பெனி, 1983-இல் இந்நகருக்கு வந்தது. 1993 பிப்ரவரியில் பங்கு ஒன்று 95 ரூபாய் என மக்களுக்கு வழங்க முற்பட்டபோது, கேட்போர் போதவில்லை! அன்று 9,500 ரூபாய்க்கு 100 பங்குகள் வாங்கி, ஒன்றையும் விற்காமல் வைத்திருந்தவரிடம், இனாம் பங்குகளும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து, 2018-இல் 1,02,400 பங்குகள் இருந்தன. மாதந்தோறும் ஏற்றத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு இச்செல்வம் வாய்த்திராது. ஆயினும், அதே ஆண்டுகளில் பங்கு வெளியிட்டுப் பின்னர் சுவடின்றி மறைந்த கம்பெனிகளும் பல என்பதை மறத்தலாகாது. இன்ஃபோசிஸ் பங்கே 2003 ஏப்ரல் 10-ஆம் நாள், ஒரே நாளில் தன் விலையில் கால் பகுதிக்கு மேல் இழந்தது. அன்று எந்தப் பிரீமியமும் அவ்விழப்பை ஈடு செய்திராது.

மாத வருவாய் வேண்டுவோர் நாடிய இடம் வேறு. டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் நிதியமைச்சராக இருந்த 1963-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் யூனிட் டிரஸ்டு பிறந்தது. 1964-இல் 'யூனிட் 64' திட்டம் வந்தது. ஆண்டுதோறும் நல்ல லாப ஈவு தந்த அத்திட்டம், வங்கி வைப்பைப் போன்றே உறுதியானது என்று எளிய குடும்பங்கள் நம்பின. அது ஆப்ஷன் நிதி அன்று. எனினும், கைக்கு வரும் தொகையைக் கண்டு முதல் தேய்வதைக் காணாதிருக்கும் பழக்கம் இரண்டிற்கும் பொது. யூனிட்டை விற்கவும் திரும்பப் பெறவும் டிரஸ்டு அறிவித்த விலை, உள்ளிருந்த சொத்தின் மதிப்பை ஒட்டியதன்று.

2001 ஜூலை 2-ஆம் நாள் வியப்புக்குரியது. அன்று யூனிட் 64-இன் விற்பனையும் திரும்பப் பெறுதலும் நிறுத்தப்பட்டன. அதே நாளில் பழைய 'பத்லா' முறை முடிவுக்கு வந்தது. தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளின் மீது ஆப்ஷன் வாணிபமும் தொடங்கிற்று. சில மாதங்களில் யூனிட்டின் உண்மை மதிப்பு வெளிப்பட்டது. பத்து ரூபாய் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. மத்திய அரசு முன்வந்து 5,000 யூனிட்டுகள் வரை 12 ரூபாய் தர உறுதியளித்திராவிடில், ஓய்வூதியர் பலரின் நிலை என்னவாகியிருக்கும்!

இன்று மாதம் இத்தனை விழுக்காடு தருவோம் எனும் விளம்பரத்தைக் காணும்போது, அத்தொகை பிரீமியமா, லாபமா, நம் முதலையே நமக்குத் திருப்பித் தருவதா என்று கேட்பது நமது உரிமை. அமெரிக்க நிதிகளில் முதலே திரும்பி வருவதும் உண்டு. அவற்றின் அறிக்கைகளில் அது குறிக்கப்படுகின்றது. அறிக்கையைப் படிப்போர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

நம் நாட்டில் செபி 2019-இல், நிஃப்டி 50, சென்செக்ஸ் ஆகியவற்றில் இடம்பெற்ற பங்குகளின் மீது மட்டும் இவ்வகை உரிமையை விற்கப் பரஸ்பர நிதிகளுக்கு இசைவளித்தது. அதற்கும் வரம்பு வகுத்தது. பொதுவான பங்கு நிதி, ஒரே கம்பெனியின் பங்கில் தன் மதிப்பில் பத்து விழுக்காட்டிற்கு மேல் முதலிடலாகாது என்ற விதியும் உள்ளது. ஆதலின் ஒற்றைப் பங்கு நிதியை நாடுவோர், அயல்நாட்டுக் கணக்கின் வழியேதான் அதனை அடைகின்றனர்.