100 மீட்டர், 17 விநாடி... விடாம 422 தடவை! - மாரத்தானில் எதுதான் ‘வேகம்’?

பக்கத்துல இருக்கிற கிரவுண்டுக்குப் போய் 100 மீட்டரை 17 விநாடியில ஓடிப் பாருங்க. ஓரளவு ஃபிட்டா இருக்கிற காலேஜ் பையனால முடியும். இப்போ நிக்காம, தண்ணி குடிக்கும்போதுகூட வேகத்தைக் குறைக்காம, அதையே 422 தடவை ஓடணும். முடியுமா?

2023 அக்டோபர் 8 அன்று சிகாகோ மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டம் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். 42.195 கிலோமீட்டரை 2 மணி நேரம் 35 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. அதாவது, மணிக்கு 21 கி.மீ. பல ஜிம்களில் டிரெட்மில்லை ஃபுல் ஸ்பீடில் வெச்சாலும் இந்த வேகம் வராது. அவருக்கு அது மூன்றாவது மாரத்தான்தான், வயசு 23. அடுத்த பிப்ரவரியில் சாதனை அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகல, கார் விபத்தில் இறந்துபோனார்.

‘கிப்சோகே 2 மணி நேரத்துக்குள்ளேயே ஓடிட்டாரே?’னு நீங்க கேட்கலாம். ஓடினார். 2019-ல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடி. ஆனா, அது சாதனைப் பட்டியலில் சேரல. காரணம், அது போட்டியே இல்ல. காற்றைத் தடுக்க முன்னாலும் பின்னாலும் 41 வேகத் துணையாளர்கள் மாறி மாறி ஓடினாங்க. முன்னால போன கார், எந்த வேகத்தில் ஓடணும்னு ரோட்டில் லேசர் கோடு போட்டுக் காட்டியது. குடிக்கவேண்டியதை சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தாங்க. மனித உடம்பால முடியும்னு காட்டுற சோதனை அது, அவ்வளவுதான்.

சரி, நிஜப் போட்டிகளை மட்டும் பார்த்தா குழப்பம் தீருமா? அங்கேயும் ஷூ இருக்கே! எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே 2005-ல் 10,000 மீட்டரை 26 நிமிடம் 17.53 விநாடியில் ஓடினார். 15 வருஷம் யாராலும் அதைத் தொட முடியல. 2020-ல் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 26:11.00-ல் முடித்தார். ஆறரை விநாடி வித்தியாசம். செப்டெகெய்க்கு டிராக்கின் உள்விளிம்பில் ஓடும் விளக்குகள் சரியான வேகத்தைக் காட்டின, காலில் புதுத் தலைமுறை ஸ்பைக்ஸ். பெக்கெலேவுக்கு அந்த ரெண்டுமே கிடையாது. இவங்க ரெண்டு பேர்ல யார் வேகம்? என் ஓட்டு இன்னும் பெக்கெலேவுக்குத்தான்.

கார்பன் தகடும் துள்ளும் ஃபோமும் வெச்ச இந்த ஷூக்கள் 2017-க்கு அப்புறம் ரோட்டு ஓட்டத்தையே மாத்திடுச்சு. ரோட்டில் ஓடும் ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுனு 2020-ல் விதி போடுற அளவுக்குப் போச்சு. டிராக்கிலும் மாற்றம் கண்கூடு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெக்கெலே தங்கம் வாங்கிய 10,000 மீட்டர் நேரம் 27:01.17. அப்போ அது ஒலிம்பிக் சாதனை. 2024 பாரிஸ் ஃபைனலில் 13 பேர் அதைவிட வேகமா ஓடினாங்க!

ஆனா, தங்கம் ஜெயிக்க எப்பவும் வேகம் வேணும்னு இல்ல. 2016 ரியோ ஒலிம்பிக் 1,500 மீட்டரில் ஜெயித்த அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் எடுத்துக்கிட்ட நேரம் 3:50.00. அடுத்த மாதம் அதே ஊரில் நடந்த பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1,500 மீட்டரில் முதல் நாலு பேருமே அதைவிட வேகம். ஒலிம்பிக்கில் வேகத் துணையாளர் கிடையாது. முன்னால போறவர் காத்தை வாங்கணும், பின்னால இருக்கிறவர் சக்தியைச் சேமிச்சுக்கலாம். அதனால யாரும் முன்னால போகாம, கடைசி ஒரு சுத்தில் பிச்சுக்கிட்டு ஓடுவாங்க.

பெண்கள் மாரத்தானில் விஷயம் இன்னும் சிக்கல். 2024 சிகாகோவில் கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் 2:09:56-ல் ஓடி, 2:10-ஐ உடைத்த முதல் பெண் ஆனார். அதற்கு முந்தைய சாதனை 2:11:53. ஒரே பாய்ச்சலில் ரெண்டு நிமிடம் குறைஞ்சதில் அன்னைக்கே சந்தேகம் எழுந்தது. 2025 மார்ச்சில் எடுத்த சோதனையில் அவர் சிக்கினார். அக்டோபரில் மூணு வருஷத் தடை. ஆனா, அந்த சோதனைக்கு முந்தைய முடிவுகள் ரத்தாகல. சிகாகோ நேரமும் அதில் சேர்த்தி. நேர்மையா ஓடுற ஒரு பொண்ணு இனி எந்த நம்பரைத் துரத்துறது?

சந்தேகமில்லாத சில எல்லைக்கோடுகளும் இருக்கு. ஆண்களில் அரை மாரத்தானுக்கு ஒரு மணி நேரம், 10,000 மீட்டருக்கு 27 நிமிடம். இந்த ரெண்டாவது கோட்டை நம்ம நாட்டின் குல்வீர் சிங்கும் நெருங்கிட்டார். 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அவர் ஓடியது 27:00.22. பெய்ஜிங்கில் பெக்கெலே தங்கம் வாங்கிய நேரத்தைவிட வேகம்.

அந்த ரேஸில் குல்வீருக்குக் கிடைச்சது ஆறாவது இடம்.